பன்னிரண்டாம் காம்பராச் சுவர்

ஆனைக்கல் தோட்டம்,
பொகவந்தலாவை.
18.3.1962

மதிப்பிற்குரிய பரமலிங்கம் ஐயா அவர்களுக்குச் சன்னாசி கும்பிட்டு எழுதுவது.

கதிர்காமத்தான் கிருபையில் நானும் சம்சாரம் பேச்சியம்மாளும் சுகமாக இருக்கிறோம். கொழும்பு வெக்கையில் ஐயாவின் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று அவளும் கேட்டுக்கொள்கிறாள்.

நீங்கள் லொறியேறிப் போன பத்தாம் நாள் புது லயத்தில் தேங்காய் உடைத்துக் குடி வந்தோம். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற பன்னிரண்டு காம்பராவிலும், காம்பராவுக்கு ஒரு குடும்பமாக, ஆள் ஏறிவிட்டது. நாங்கள் நாலாவது. பள்ளத்துப் பக்கம், மழைத்தண்ணீர்க் கான் ஓரமாக இருக்கிற கடைசிக் காம்பரா, மூக்கன் குடும்பத்துக்கு விழுந்தது. அவன் பெண்சாதி ராக்காயி உள்ளே வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"செங்கல்லும் இல்ல, கருங்கல்லும் இல்ல. பலகாரம் மாதிரி அச்சுல வார்த்து ரயில்ல ஏத்தி அனுப்பியிருக்காங்க. இதுக்குள்ள புள்ளகுட்டியோட எப்பிடிப் படுக்கிறது?" என்றாள்.

"கொங்கிரீட்டுப் பலகைதான் கொழும்புல இருந்து வந்தது. பலகைக்குப் பலகை நடுவுல இருக்கிற சந்த அடைச்சவன் நானு" என்றேன்.

"அப்ப ஒழுகுனா ஒங்க காம்பராவுல வந்து படுத்துக்கிறோம்" என்று சிரித்துவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, இனி இந்தச் சுவர்களைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு, ஆனால் இரண்டு வருசத்துக்கு லயம் கட்டின கம்பனியின் உத்தரவாதம் இருக்கிறபடியால் கொழும்பு ஐயாவிடம் எழுதிக் கேட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் அடிக்கடி தொந்தரவு தருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொந்தரவு இதுதான். நாம் அடைத்த கறுப்புப் பசையைப் பிள்ளைகள் தோண்டி எடுத்து உருண்டை பிடித்து விளையாடுகிறார்கள். ஏழாம் காம்பராவில் ஒரு முழ நீளத்துக்குக் காணோம். அதட்டினால் ஓடுகிறார்கள், திரும்பினால் வருகிறார்கள். என்ன செய்வது?

இப்படிக்கு,
உங்கள் கீழ் வேலை பழகிய
சன்னாசி

*

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
2.4.1962

அன்புள்ள சன்னாசிக்கு,

உமது கடிதம் கிடைத்துச் சந்தோஷம். மூன்று மாதம் அந்தக் குளிரில் உம்மோடு நின்று பழகியபின் இங்கே வேர்வையில் நனைந்துகொண்டு காகிதம் பார்ப்பது பெரிய தண்டனையாக இருக்கிறது.

பிள்ளைகளை ஏச வேண்டாம். பசை அடைத்த கையோடு அதன் மேல் சன்ன மணலைத் தூவி விடும். விரலில் உறுத்தும், தாங்களாகவே விட்டுவிடுவார்கள்.

நீர் பொறுப்பெடுத்தபடியால் இரண்டொரு விஷயம் எழுதுகிறேன். பசை வைப்பதற்குச் சந்து காய்ந்திருக்க வேண்டும். பூச்சு அடிப்பதற்குச் சுவர் நனைந்திருக்க வேண்டும். சீமெந்துப் பூச்சு ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். இதை மாற்றிச் செய்து கெடுத்தவர்கள் கொழும்பிலேயே நிறையப் பேர். மூடுபனி இருக்கும் நாளில் பசை டின்னைத் திறக்கவே வேண்டாம். பழையதைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, தூசியைத் துணியால் துடைத்து, தார்க்கயிற்றை உள்ளே தள்ளி, அதற்கு மேல் காற்று நிற்காமல் பசையை அமுக்க வேண்டும். உமக்குத் தெரிந்ததுதான்.

மழைக்குப் பிறகு ஒவ்வொரு சந்தாகப் பாரும். பசை பலகையை விட்டு உரிந்து வந்திருந்தால் அது அடைத்தவனின் பிழை. தூசியோ ஈரமோ இருந்திருக்கும். பசை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவில் கிழிந்திருந்தால் அது வேறு. பலகை அசைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி வராது. வந்தால் எனக்கு எழுதும்.

யாழ்ப்பாணத்தில் அம்மா என் தங்கச்சி ஜெகதீஸ்வரிக்கு மாப்பிள்ளை தேடுகிறா. அது முடியும்வரை எனக்கு வேறு யோசனை இல்லை. உமது பேச்சியம்மா வைத்துத் தந்த மாசிக் கருவாட்டுச் சம்பலை இங்கே ஒருவரும் அப்படி இடிப்பதில்லை என்று அவவிடம் சொல்லும்.

அன்புடன்,
சி. பரமலிங்கம்

*

ஆனைக்கல் தோட்டம்,
7.10.1962

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இங்கே யாவரும் சுகம். சம்பல் விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மா மூன்று நாள் தலைகால் தெரியாமல் நடந்தாள். இத்துடன் ஒரு போத்தல் வருகிறது, கொழும்புக்குப் போகிற லொறிக்கார அண்ணன் கொண்டு வந்து தருவார்.

வைகாசியில் பிடித்த மழை போன வாரம்தான் விட்டது. ஐயாவின் புண்ணியத்தில் பதினொரு காம்பராவில் ஒரு சொட்டு இல்லை. பழைய லயத்தில் இருக்கிறவர்கள் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மணல் தூவினது நன்றாக வேலை செய்கிறது.

பன்னிரண்டில் மட்டும் தண்ணீர் இறங்கியது. கடைசிப் பலகைக்கும் அதற்கு முந்திய பலகைக்கும் நடுவே உள்ள சந்து. ராக்காயி சொன்னபடியே பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஐயா, பசை உரியவில்லை. இரண்டு பக்கமும் நன்றாகப் பிடித்திருக்கிறது. நடுவில்தான் கிழிந்திருக்கிறது. சுவர் மூலையில் பூச்சு, தலைமயிர் போலக் குறுக்கே வெடித்திருக்கிறது. நீங்கள் எழுதச் சொன்னபடியால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சன்னாசி

*

கொழும்பு 13.
30.10.1962

அன்புள்ள சன்னாசிக்கு,

கடிதமும் போத்தலும் கிடைத்தன. பேச்சியம்மாவுக்கு நன்றி.

நீர் எழுதிய சந்து விஷயம். கடைசிக் காம்பரா அடைத்த நாள் தூறல் இருந்ததாக எனக்கு ஞாபகம். கிழிந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நின்றிருக்கும். ஒரே ஒரு சந்துதானே. தை மாசி வெயிலில் பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக அடையும். பூச்சும் இரண்டு கை அடியும். வீணாக யோசிக்க வேண்டாம்.

அன்புடன்,
சி. பரமலிங்கம்

*

ஆனைக்கல் தோட்டம்,
16.6.1963

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். தங்கச்சிக்கு வரன் அமைந்ததா? பேச்சியம்மா கேட்கச் சொன்னாள்.

நீங்கள் சொன்னபடி மாசி மாதம் செய்தேன். எட்டு நாள் நல்ல வெயில். பழைய பசையை அடிவரை சுரண்டினேன். சந்துக்குள் கை வைத்துப் பார்த்தேன், சுடு சாம்பல் போலக் காய்ந்திருந்தது. புதுக்கயிறு, புதுப்பசை. பிறகு சுவரை நனைத்துப் பூச்சு இரண்டு கை. துரைக்கு அடுத்தபடி வேலை பார்க்கிற கண்டாக்கு ஐயாவே வந்து பார்த்து, "சன்னாசி, கலியாண வீடு மாதிரி இருக்கு" என்றார்.

இப்போது மழை தொடங்கி ஒரு மாதம். அதே சந்து, அதே போல நடுவில் கிழிந்துவிட்டது. இந்த முறை ஒன்றைக் கவனித்தேன். மேலே என் சுண்டுவிரல் நுழைகிறது. கீழே கத்தி முனைகூட நுழையவில்லை. மழை பெய்கிறது என்பதற்காகச் சந்து மேலே மட்டும் அகலுமா, ஐயா? கடைசிச் சுவர் பள்ளத்துப் பக்கம் சாய்கிறது என்றுதான் என் புத்திக்குப் படுகிறது. அந்தப் பக்கம் மண் கொட்டி நிரப்பின இடம். கான் தண்ணீரும் அதன் அடியில்தான் ஓடுகிறது.

நான் படிக்காதவன். தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும். ஆனால் ராக்காயிக்கு மூன்று பிள்ளைகள். கடைசி, கைக்குழந்தை.

இப்படிக்கு,
சன்னாசி

*

கொழும்பு 13.
9.7.1963

சன்னாசிக்கு,

கொங்கிரீட் வேலையில் எனக்குப் பதினொரு வருட அனுபவம். சுவர் சாய்வதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நீர் பசை வேலையில் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. அத்திவாரம் நீர் பேசவேண்டிய விஷயமல்ல.

வருகிற மாதம் எங்கள் கம்பனிப் பெரியவர் உங்கள் லயத்தைப் பார்க்க வருகிறார். நுவரெலியாப் பக்கத்தில் இன்னும் மூன்று தோட்டங்கள் இதே மாதிரி லயம் கட்டக் கேட்டிருக்கின்றன. அந்தச் சந்தைத் திரும்ப நிரப்பி, பூச்சு அடித்து, பார்வைக்குச் சுத்தமாக வைத்திரும். துரையிடம் போய்ச் சாய்வு கீய்வு என்று சொல்லி ஆட்களைக் கலவரப்படுத்த வேண்டாம். அந்தத் தோட்டங்களின் பராமரிப்பையும் உமக்கே தரச் சொல்லி நான் பேசுகிறேன்.

ஜெகதீஸ்வரிக்கு மானிப்பாயில் பொருந்தியிருக்கிறது. தை மாதம் கலியாணம்.

சி. பரமலிங்கம்

*

ஆனைக்கல் தோட்டம்,
11.8.1963

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கலியாணச் செய்தி கேட்டு மெத்த சந்தோஷம். மருதையில் இருந்து வந்த எங்கள் பாட்டன் காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று இருக்கிறது. அதைத் துலக்கி அனுப்பலாமா என்று பேச்சியம்மா கேட்கிறாள். சிறிசுதான்.

நீங்கள் சொன்னபடி நிரப்பி, பூச்சடித்து வைத்தேன். பெரியவர் வந்தார். காரை விட்டு இறங்கி, குடைக்குள் நின்று பார்த்துவிட்டுப் போனார். துரையிடம் நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் என் மனசு கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். உடைந்த முகம் பார்க்கிற கண்ணாடியில் ஒரு துண்டை எடுத்து, கூரை இறவாணத்துக்குக் கீழே, சந்துக்குக் குறுக்காக இரண்டு முனையையும் சீமெந்து வைத்து ஒட்டினேன். சுவர் அசையாவிட்டால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகக்கூடாது அல்லவா? ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தேன். இரண்டாக விட்டிருந்தது. காற்று படாத இடம், பிள்ளைகளுக்கு எட்டாத உயரம்.

ஐயா, நீங்கள் ஒரு தடவை வந்து பாருங்கள். லீவு கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிய ரயிலுக்குப் போய்விடலாம். போக வர ஆகிற செலவை நான் தருகிறேன். வந்து பார்த்துவிட்டு, "சன்னாசி, நீ மடையன்" என்று சொல்லுங்கள். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
சன்னாசி

*

ஆனைக்கல் தோட்டம்,
29.9.1963

ஐயா அவர்களுக்கு,

போன மாதம் எழுதிய கடிதம் கிடைத்ததோ இல்லையோ தெரியவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று நினைத்துத் திரும்ப எழுதுகிறேன். உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதுமோ என்று பேச்சியம்மாவுக்குக் கவலை.

அதே இடத்தில் ஒட்டின இரண்டாவது கண்ணாடியும் உடைந்துவிட்டது. ஆறு நாள். கண்டாக்கு ஐயாவிடம் இப்போது சொல்லிவிட்டேன். "கம்பனி உத்தரவாதம் இருக்கிற கட்டடம்டா. கொழும்புல இருந்து ஒரு தாள் வரட்டும், மறுநாளே ஆள வேற எடத்துக்கு எழுப்புறேன். தாள் இல்லாம நான் எப்பிடித் தொரைகிட்டப் போய் நிக்கிறது?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஒரு தாள், ஐயா. இரண்டு வரி போதும்.

சன்னாசி

*

ஆனைக்கல் தோட்டம்,
20.10.1963

ஐயா அவர்களுக்கு,

பின்னேரம் பின்னேரம் இடிமழை. மேலே இப்போது மூன்று விரல். தயவு செய்து பதில் எழுதுங்கள்.

சன்னாசி

*

ஆனைக்கல் தோட்டம்,
24.11.1963

மதிப்பிற்குரிய பரமலிங்கம் ஐயா அவர்களுக்குச் சன்னாசி சொல்ல, அவர் சம்சாரம் பேச்சியம்மாள் எழுதுவது.

எனக்குக் கையில் கொஞ்சம் அடி. அதனால் இவளை எழுதச் சொல்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப் பிழை இருக்கும்.

இந்த மாதம் ஏழாம் தேதி வியாழக்கிழமை பன்னிரண்டாம் காம்பரா விழுந்துவிட்டது. ஒரு உயிருக்கும் சேதம் இல்லை, அதை முதலில் எழுதிவிடச் சொன்னேன்.

மூன்று நாளாக விடாத மழை. அன்று காலையில் பூச்சு வெடிப்புக்குள் என் கை போயிற்று. கண்டாக்கு ஐயாவைத் தேடினேன், அவர் ஹட்டனுக்குப் போயிருந்தார். யாரையும் கேட்காமல் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்று காம்பரா ஆட்களையும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகச் சொன்னேன். சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடம், ஓடு போட்டது, காய்ந்திருக்கும். கிழடுகளும் பிள்ளைகளும்தான் லயத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். ராக்காயிக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். எல்லோரும் வெளியே வந்த பிறகு பகல் இரண்டு மணிபோலக் கடைசிச் சுவர் பள்ளத்துப் பக்கம் போயிற்று. கூரைத் தகரமும் அதன் பின்னால் போயிற்று. மற்ற ஒன்பது காம்பராவும் நன்றாக இருக்கின்றன.

ஐயாவுக்கு வேலைத் தொந்தரவு அதிகம் என்று நினைக்கிறேன். கலியாண வேலையும் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சன்னாசி

ஐயா, இது வரைக்கும் அவர் சொன்னது. அவர் தூங்குறாரு. இனிமே நான் எழுதுறேன்.

கொஞ்சம் அடின்னு அவர் சொல்றது பொய். ராக்காயி தலையில தலையில அடிச்சுக்கிட்டா, தகரப் பொட்டி உள்ள கெடக்குன்னு. புள்ளைங்க பொறப்புப் பத்திரம், பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட தாளு, எல்லாம் அதுலதான். அது இல்லாட்டி நாளைக்கு நீ எந்த ஊருடின்னு கேட்டா என்னத்தக் காட்டுவா? இவரு உள்ள போனாரு. பொட்டிய வெளிய வீசுனாரு. கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு வரும்போதுதான் பலகை எறங்குச்சு. வலது கையில மூணு விரல் இல்ல. மிச்ச ரெண்டும் மடங்கல. பசைக் கத்தி புடிக்கிற கை அது.

உங்க கம்பனியில இருந்து ஒரு ஆளு வந்து எழுதிக்கிட்டுப் போனாரு. சந்த ஒழுங்கா அடைக்கல, அதால தண்ணி எறங்கி மண்ணு கரைஞ்சுச்சு, பராமரிப்புக் குறைவுன்னு எழுதியிருக்காம். கேக்காம ஆள எழுப்புனதும் குத்தமாம். தொரை வேலையில இருந்து இவரு பேர வெட்டிட்டாரு. மாசி மாசத்துக்குள்ள நாங்க காம்பராவ விடணும். இந்த மனுசன் அடைச்ச சந்து ஒழுகுச்சுன்னு எழுதுன கை நல்லாருக்கட்டும்.

உங்க கடுதாசி மூணும் எங்ககிட்ட இருக்கு. தொரைகிட்டச் சொல்லாத, பூச்சடிச்சு வையின்னு எழுதினீங்களே, அதுவும் இருக்கு. வெசாரணையில காட்டுங்கன்னு நான் அழுதேன். "வேணாம் பேச்சி, அந்த ஐயாவுக்குத் தையில தங்கச்சி கலியாணம். நம்ம கையால அதுல மண்ணு விழ வேணாம்"ங்கிறாரு. என்னையும் காட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.

உங்களுக்கு எழுதக் கூடாதுன்னு சத்தியம் வாங்கல. அதான் எழுதுறேன்.

பேச்சியம்மாள்

*

கொழும்பு 13.
15.12.1963

சன்னாசி அவர்களுக்கும் பேச்சியம்மா அவர்களுக்கும்,

உங்கள் கடிதங்கள் எல்லாம் எனக்குக் கிடைத்தன. ஒன்றும் தபாலில் தவறவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை. ஆவணியில் வந்தது, புரட்டாதியில் வந்தது, ஐப்பசியில் வந்தது, மூன்றையும் வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கடைசிச் சுவரின் அத்திவாரம் ஆறடி தோண்ட வேண்டும் என்பது படத்தில் உள்ளது. நிரப்பிய மண் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு நாலு லொறிப் பலகை ஹட்டன் ஸ்டேசனில் இறக்காமல் நின்றது. மூன்றடியில் மண் இறுக்கமாகத் தெரிந்தது. போதும் என்றேன். ஆறடி என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நீங்கள் அந்தப் பக்கம் இல்லை, நாலாம் காம்பராவில் கயிறு தள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

பசை நடுவில் கிழிந்திருக்கிறது என்று நீங்கள் முதல் எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் தூறல், ஈரம் என்று எழுதினேன். அந்த நாள் தூறல் இருக்கவில்லை. அடுத்த முறை அத்திவாரம் நீர் பேசவேண்டிய விஷயமல்ல என்று எழுதினேன். அதற்குப் பிறகு பொய் எழுதவும் எனக்குத் துணிவு வரவில்லை. பேசாமல் இருந்தேன். தை மாதம் மட்டும் நிற்கட்டும், கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சுவரோடு பேரம் பேசினேன். இரண்டு வரி கேட்டீர்கள். இரண்டு வரி எழுதியிருந்தால் உங்களுக்குக் கை இருந்திருக்கும்.

பேச்சியம்மாவின் எழுத்தை வாசித்த மறுநாள் உங்கள் கடிதங்கள் ஆறையும், அத்திவாரத்தைப் பற்றி என் கைப்பட எழுதிய வாக்குமூலத்தையும் துரைக்கும், அவற்றின் பிரதிகளை அரசாங்கத் தொழில் கந்தோருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதியைக் கம்பனிப் பெரியவரின் மேசையில் வைத்தேன். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை நான் எதிர்பார்த்தேன். என் கடிதங்களை நீங்கள் ஒளிக்க வேண்டாம். கேட்டால் கொடுங்கள். அந்தச் சத்தியத்திலிருந்து பேச்சியம்மாவை விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் அவசரம். பத்தாம் பதினோராம் காம்பராக்களில் ஒருவரையும் திரும்ப ஏற விட வேண்டாம். அந்தப் பக்கமும் நிரப்பிய மண் வரும். அத்திவாரத்தின் வெளிப்பக்கம் ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். பாறை தட்டும்வரை தோண்ட வேண்டும். கான் தண்ணீரை உடனே வேறு பக்கம் திருப்ப வேண்டும். இதைத் தாளிலும் வரைந்து துரைக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் நீங்கள் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் இதற்குப் பதில் எழுதாவிட்டால் அது நியாயம் என்று எடுத்துக்கொள்வேன்.

சி. பரமலிங்கம்

*

ஆனைக்கல் தோட்டம்,
பொகவந்தலாவை.
8.3.1964

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைக்க வேண்டாம். இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது போகிறது. அதனால்தான் இவ்வளவு தாமதம், வேறு காரணம் இல்லை. அப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன். பேச்சியம்மா வாசித்துவிட்டு, "வேற காரணம் இல்லைன்னா எழுதுறீங்க? ரெண்டு மாசமா அந்தக் கடுதாசியச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு அலைஞ்சது யாரு?" என்றாள். அவள் சொன்னது நிசம்தான்.

கோபம் இல்லை என்றும் எழுதியிருந்தேன். அதையும் அடிக்கச் சொன்னாள். கோபம் இருந்தது, ஐயா. கை போனதற்காக இல்லை. பொட்டியை எடுக்கப் போனது என் இஷ்டம். அத்திவாரத்துக்காகவும் இல்லை, அவசரத்தில் யாருக்கும் கண் தப்பும். பதில் வராத அந்த மூன்று மாதம்தான். தபால்காரர் வருகிற நேரம் ஒவ்வொரு நாளும் வேலையை விட்டுவிட்டு வளைவில் போய் நின்றேன். நான் எழுதியதில் ஏதோ மரியாதைக் குறைவு வந்துவிட்டது, அதுதான் ஐயாவுக்கு மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு வலிக்கிறது. இப்போது எழுதிவிட்டேன். இதற்கு மேல் என் மனசில் ஒன்றும் இல்லை. பேச்சியம்மா மனசை நான் அறியேன். அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் தபால் வந்த அன்றே துரை என்னைக் கூப்பிட்டு என் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, கிளாக்கர் ஐயாவை இங்கிலீசில் சொல்லச் சொன்னார். கண்ணாடித் துண்டு வந்த இடத்தில் நிறுத்தி, இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். தை முதல் தேதியில் இருந்து என் பேர் திரும்ப விழுகிறது. காம்பராவை விட வேண்டியதில்லை. கையில் அடிபட்டதற்கு ஏதோ தருவதாகத் தொழில் கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம்.

நீங்கள் சொன்னபடி குழி தோண்டினார்கள். நானும் நின்று பார்த்தேன். ஒன்பதடியில் பாறை தட்டியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றுக்கும் அடியில் அத்திவாரத்தைப் புதுசாகக் கட்டி ஏற்றினார்கள். கானைத் திருப்பியாயிற்று. பன்னிரண்டுக்குப் புதுப் பலகை வந்து நிமிர்ந்து நிற்கிறது. பலகைகளைப் பிணைக்கிற இரும்புப் பட்டியெல்லாம் முடுக்கியாயிற்று. சந்து மட்டும் இன்னும் அடைக்கவில்லை.

எனக்குக் கத்தி பிடிக்க வராது. பேச்சியம்மாதான் செய்கிறாள். ஏழாம் காம்பராவில் ஒரு சந்தைச் சுரண்டி அடைத்துக் காட்டினாள். கொழுந்து எடுத்த விரல், ஐயா. என்னைவிட நேராக வருகிறது. துரையே பார்த்துவிட்டு அவள் பேரை இந்த வேலையில் போடச் சொல்லிவிட்டார். அரைநாள் கொழுந்து, அரைநாள் சுவர். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு குற்றம் சொல்கிறேன். "வாய மூடிக்கிட்டு ஏணியப் புடிங்க" என்கிறாள்.

ஆனால் ராக்காயி பன்னிரண்டுக்குள் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். துரை சொன்னார், கண்டாக்கு ஐயா சொன்னார், நானும் சொன்னேன். "முன்னயும் ஆறடின்னு தாள்ல இருந்துச்சு. எனக்குத் தாளு வேணாம். தெரிஞ்ச மனுசன் ஒருத்தர் வந்து நின்னு, பாத்துட்டு, என் மூஞ்சிக்கு நேரா நல்லாயிருக்குன்னு சொல்லட்டும்" என்கிறாள். தெரிந்த மனுசன் என்றால் யார் என்று கேட்டேன். "அந்த யாழ்ப்பாணத்து ஐயாதான். வேற யாரு? தப்பு எங்கேன்னு அவருக்குத்தானே தெரியும்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஐயா. தெரிந்துதான் சொல்கிறாள்.

அதனால் நீங்கள் வர வேண்டும். கம்பனிக்காக இல்லை, உங்களுக்கு இப்போது கம்பனி இல்லை. ராக்காயிக்காக. மழை பிடிக்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. சந்தை அடைத்துவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியாது. நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பேச்சியம்மா பசை டின்னைத் திறப்பாள். அப்படியென்று அவளே எழுதச் சொன்னாள்.

தங்கச்சி கலியாணம் எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. வந்து சொல்லுங்கள்.

ஹட்டனில் இருந்து காலை பஸ் பத்து மணிபோல பொகவந்தலாவைக் கடைவீதிக்கு வரும். எந்த ஞாயிறு என்று எழுதினால் நான் அங்கே நிற்பேன். உங்கள் பையை இடது கையால்தான் வாங்குவேன். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
சன்னாசி